ஐ ஹேவ் கன்ட்ரோல்: மறதி நோய் வந்த விமானியோடு வீட்டில் பேசும் மொழி

காலையில் யார் வந்து போனார்கள் என்பது மறந்துவிடும். "சே அகெய்ன்" என்று கேட்டால் சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது மறக்காது. ஓய்வு பெற்ற விமானிக்கு டிமென்ஷியா வந்த வீடுகளில் இதைப் பார்க்கலாம், இதற்குக் காரணமும் உண்டு. டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் முதலில் தாக்கும் இடங்களில் ஒன்று மூளையின் ஹிப்போகாம்பஸ். புதிதாக நடப்பதைப் பதிவு செய்வது அதன் வேலை. பல்லாயிரம் முறை சொல்லி, கையும் வாயும் சேர்ந்து பழகிப்போனவை மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்திருக்கின்றன, பேசல் கேங்லியா, சிறுமூளை போன்றவற்றை. அவை வெகுநாள் தாங்கும்.

எனவே காக்பிட் மொழி, அதாவது விமானி அறையில் பேசும் மொழி, வீட்டில் உதவும். ஆனால் பல வீடுகளில் அதை விளையாட்டாகத் தொடங்கி, நாலு நாளில் பலன் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். "கேப்டன், டேக் ஆஃப் பண்ணலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டால் அவர் எரிச்சலாகப் பார்ப்பார். அந்தச் சொல்லை வைத்து அவர் ஒரு நாளும் விளையாடியதில்லை. 1977இல் டெனெரிஃப் ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். ஓடத் தொடங்க அனுமதி கிடைத்துவிட்டதா இல்லையா என்பதில் வந்த குழப்பம் அதற்கு முக்கியக் காரணம். அதற்குப் பிறகு "டேக் ஆஃப்" என்ற சொல்லை அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே சொல்வது, மற்ற எல்லா இடத்திலும் "டிபார்ச்சர்" என்பது என்று ஆனது. வெளியே கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்றால், "டிபார்ச்சர் பத்து நிமிஷத்துல" என்று சொல்லுங்கள். சொல்லை அதன் சரியான பொருளில் சொன்னால் உடம்பு தானாகக் கேட்கும். தவறாகச் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும்.

இன்னொன்று. வீட்டில் தமிழே பேசினாலும் காக்பிட் சொற்றொடரை மொழிபெயர்க்காதீர்கள். "கட்டுப்பாடு என்னிடம்" என்றால் அவருக்கு அது ஏதோ ஒரு வாக்கியம். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்றால் கை தளரும். சில நிறுவனங்களில் "மை கன்ட்ரோல்ஸ்" என்று சொல்லியிருப்பார்கள். அவர் எதைச் சொன்னார் என்பதைப் பழைய சக விமானி ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு சொல் மாறினாலும் பலன் குறைந்துவிடலாம். சொற்றொடர் மட்டும் அவர் தொழிலின் ஆங்கிலத்தில், அதைச் சுற்றியுள்ள பேச்சு எப்போதும் பேசும் வீட்டுத் தமிழில். குரல் தட்டையாக, நிதானமாக இருக்கட்டும். குழந்தையிடம் பேசும் இழுப்பு இதில் வரவே கூடாது.

முதலில் காது

வருஷக்கணக்கில் எஞ்சின் இரைச்சலில் இருந்தவர்களுக்கு உயர் அதிர்வெண் ஒலிகள் கேட்காமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஸ, ஷ, த போன்ற ஒலிகள் நழுவும். மறதி என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு வெறும் காது கேளாமை. காலையில் காது கருவியை மாட்டியதும் அவருக்கு முன்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று, "ரேடியோ செக். ஹவ் டூ யூ ரீட்?" என்று கேளுங்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை உள்ள அளவில் பதில் வரும். ஐந்து என்றால் தெளிவு. மூன்று என்றால் பேட்டரி, காதுக்குமிழ், மெழுகு இந்த மூன்றையும் பாருங்கள். "காது கேக்குதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "கேக்குது" என்றே பதில் வரும். இப்படிக் கேட்டால் உண்மையான அளவு வரும்.

சொன்ன பிறகு காத்திருக்க வேண்டும். பத்து வினாடி மனசுக்குள் எண்ணுங்கள். நாலாவது வினாடியில் வேறு வார்த்தையில் திரும்பச் சொன்னால், அவர் முதல் வாக்கியத்தைப் புரிந்துகொண்டிருந்த வேலை கலைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். திரும்பச் சொல்வதானால் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். அவருக்கு நேரம் வேண்டும் என்றால் "ஸ்டாண்ட்பை" என்பார். அது மறுப்பு இல்லை, அனுமதியும் இல்லை. காத்திரு என்று மட்டும் பொருள்.

கை வைப்பதற்கு முன்

சட்டைப் பொத்தான், குளியல், பல் துலக்கல், இந்த மூன்றில்தான் கைகலப்பு வருகிறது. பொதுவாகச் சொல்லாமல் தொட்டதுதான் காரணம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் சொல்லாமல் கன்ட்ரோலைப் பிடிப்பது காக்பிட்டில் பெரிய ஆபத்து. அதற்காகவே மூன்று படி வைத்திருக்கிறார்கள். ஒருவர் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்பார், மற்றவர் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லிக் கையை எடுப்பார், முதலாமவர் மறுபடி உறுதி செய்வார்.

வீட்டில் செய்யும் விதம் இது. பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வராதீர்கள். முன்னால், அவர் கண் மட்டத்தில் இருங்கள். உங்கள் இரண்டு கையையும் அவர் பார்க்கும்படி காட்டுங்கள். "ஐ ஹேவ் கன்ட்ரோல்." பத்து வினாடி. அவர் பதில் சொன்னாலோ, விரல் தளர்ந்தாலோ, பொத்தானைத் தொடலாம். இரண்டும் நடக்கவில்லை என்றால் "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று சொல்லி இரண்டடி பின்னால் போய்விடுங்கள். பதினைந்து நிமிஷம் கழித்து வரலாம். வேலை முடிந்ததும் திருப்பித் தருவது முக்கியம். கடைசிப் பொத்தானை அவருக்கு விட்டுவைத்து "யூ ஹேவ் கன்ட்ரோல்" சொல்லுங்கள். எடுத்ததைத் திருப்பித் தராத கோ-பைலட்டை யாரும் நம்ப மாட்டார்கள். அடுத்த நாள் அவர் கை இறுகுவதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

உதவி வாங்குவது பதவி இறக்கமாக அவருக்குத் தோன்றும். இதற்கும் அவர் தொழிலிலேயே வழி இருக்கிறது. விமானத்தை ஓட்டுபவர் வேறு, கேப்டன் வேறு. கோ-பைலட் ஓட்டும் செக்டரில் (ஒரு புறப்பாட்டிலிருந்து அடுத்த இறக்கம் வரையான பயணம்) கேப்டன் கண்காணிப்பார், ரேடியோ பேசுவார், ஆனாலும் கேப்டன் அவர்தான். "இந்த செக்டர் நான் பண்றேங்க, நீங்க மானிட்டர் பண்ணுங்க" என்று சொல்லிக் குளியலைத் தொடங்கலாம். அவருக்கு உண்மையான வேலையும் கொடுங்கள்: தண்ணீரில் விரல் வைத்து சூடு சரியா என்று சொல்வது. (நீங்கள் அதற்கு முன்பே தெர்மாமீட்டரில் 37–38 டிகிரி என்று பார்த்திருக்க வேண்டும். ஹீட்டரின் உச்ச அளவும் 49 டிகிரியைத் தாண்டக் கூடாது.)

எழுவதும் உட்காருவதும்

விழுவது இந்த இரண்டிலும் அதிகம், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாக.

கைப்பிடி உள்ள நாற்காலி, இருக்கை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரம். இடுப்பை இருக்கையின் முன் விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். பாதம் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். கை இரண்டும் கைப்பிடியில். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் வரை முன்னால் சாய வேண்டும். அந்த இடத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய சொல் "ரொட்டேட்". ஓடுபாதையில் மூக்கைத் தூக்க வேண்டிய வேகம் வந்ததும் கண்காணிக்கும் விமானி சொல்வது அது, ஓட்டும் விமானி கேட்டுச் செய்வது. நீங்கள் சொல்ல, அவர் செய்ய, பங்கு அப்படியே பொருந்துகிறது. அவசரம் இல்லாமல் சீராகத் தூக்கும் பழக்கமும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும்.

"வி ஒன்" மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வேகத்தைத் தாண்டினால் நிறுத்தக் கூடாது, போய்த்தான் ஆக வேண்டும் என்று பொருள். நமக்கோ தலை சுற்றினால் எந்த நொடியிலும் திரும்ப உட்கார வேண்டும். எழுந்ததும் அடி எடுத்து வைக்காமல் பத்து வினாடி "ஹோல்ட் பொசிஷன்". எழும்போது ரத்த அழுத்தம் இறங்குபவர்களுக்கு அந்த நேரத்தில் மயக்கம் வரலாம்.

உட்காரும்போது நிலையான அப்ரோச் (ஓடுபாதையை நெருங்கி இறங்குவது) என்ற விதியைக் கொண்டுவரலாம். பார்வை இல்லாத வானிலையில் 1000 அடியிலும், தெளிவான வானிலையில் 500 அடியிலும் எல்லாம் சரியாக இல்லாவிட்டால் இறங்கக் கூடாது, கோ அரவுண்ட், அதாவது மறுபடி மேலேறிவிட வேண்டும் என்பது பரவலான நடைமுறை. நாற்காலிக்கு மூன்று நிபந்தனை: இரண்டு கெண்டைக்காலும் இருக்கை விளிம்பில் பட வேண்டும், இரண்டு கையும் கைப்பிடியைத் தொட வேண்டும், உடம்பு நேராக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் "ஸ்டேபிள்". இல்லை என்றால் "கோ அரவுண்ட்", ஓரடி முன்னால் போய்த் திரும்பி மறுபடி. விமானிக்கு அது தோல்வி இல்லை, நல்ல முடிவு. அதனால் அவர் கோபப்பட மாட்டார். ஒரு எச்சரிக்கை: அவர் பாதி இறங்கிவிட்ட பிறகு அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். கேட்டதும் உடம்பு மேலே உந்தப் பார்க்கும், சமநிலை போய்விடும். பாதியில் இருந்தால் பேசாமல் இடுப்பைப் பிடித்து இருக்கைக்குள் சேர்த்துவிடுங்கள்.

நடக்கும்போது, உடனே நிற்க "ஹோல்ட் பொசிஷன்", ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு முன்னால் நிற்க "ஹோல்ட் ஷார்ட்". படிக்கு மூன்றடி முன்னால் "ஹோல்ட் ஷார்ட், படி" என்றால் நிற்பார். தரையில் கிடக்கும் கறுப்புக் கால்மிதி அவர் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரியலாம். அங்கே சொல்லால் பயன் இல்லை, கால்மிதியை எடுத்துவிடுவதே வழி.

படுக்கையிலிருந்து கழிப்பறை வரை அசைவு கண்டதும் எரியும் மங்கலான பச்சை விளக்குகளை, முழங்காலுக்குக் கீழே, ஒன்று ஒன்றரை மீட்டர் இடைவெளியில் வையுங்கள். டாக்ஸிவேயின் நடுக்கோட்டு விளக்கு பச்சை, அதைத் தொடர்ந்து போவது அவருக்குப் பழக்கம். அந்த வழியில் சிவப்பு விளக்கு கூடாது. எரியும் சிவப்பு ஸ்டாப் பார் விளக்கைத் தாண்டவே கூடாது என்பது விதி. கழிப்பறை வாசலில் சிவப்பு விளக்கு இருந்தால் அவர் அங்கேயே நின்று நனைந்துவிடலாம். அதே காரணத்தால், அவர் தனியே வெளியே போகாமல் இருக்க வாசல் கதவருகே சிவப்பு வைத்தால் சில நாள் பலன் தரலாம். அது பூட்டுக்கு மாற்று ஆகாது.

அட்டையும் பலகையும்

1935இல் போயிங் மாடல் 299 சோதனைப் பறத்தலில் விழுந்தது. காற்றில் ஆடாமல் சுக்கானைப் பூட்டிவைக்கும் பூட்டை எடுக்க மறந்ததே காரணம். ஓட்டியவர் அனுபவசாலி. அதற்குப் பிறகு வந்ததுதான் விமானிகளின் செக்லிஸ்ட். அதனால் செக்லிஸ்ட்டை மறதிக்காரருக்குக் கொடுப்பதாக அவர் நினைக்க மாட்டார். தொழில் தெரிந்தவர் செய்வது அது.

ஒரு அட்டையில் ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். மங்கிய மஞ்சளில் கறுப்பு எழுத்து, பளபளக்காத லாமினேஷன். இடப்பக்கம் பொருள், வலப்பக்கம் நிலை: கண்ணாடி — போட்டாச்சு. காது கருவி — ஆன். மாத்திரை — விழுங்கியாச்சு. நீங்கள் இடப்பக்கம் வாசிக்க, அவர் வலப்பக்கம் சொல்வார். இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பழக்கத்தில், பார்க்காமலே "செக்ட்" என்று வாய் சொல்லிவிடும். காக்பிட்டிலும் இருக்கும் பிரச்சினைதான் அது. ஆகவே ஒவ்வொரு வரியிலும் விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் பதில். மாத்திரைக்கு அவர் பதிலை மட்டும் நம்பாதீர்கள், டப்பாவைத் திறந்து நீங்கள் பார்த்த பிறகே முடிந்ததாகக் கொள்ளுங்கள்.

ஒரே கேள்வியை இருபது முறை கேட்கிறாரா? ஏடிஸ் பலகை வையுங்கள். விமான நிலையத்தின் தற்போதைய நிலவரத்தை ஒலிபரப்பும் ஏற்பாடு அது. மாறும் ஒவ்வொரு முறையும் அடுத்த ஆங்கில எழுத்து வரும், ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ என்று. வெள்ளைப் பலகையில் "இன்ஃபர்மேஷன் பிராவோ" என்று தலைப்பு, கீழே நாலு வரி: கிழமையும் தேதியும், வானிலை, இன்று யார் வருகிறார்கள், அடுத்த வேளை எப்போது. நேரத்துக்குப் பக்கத்தில் "லோக்கல்" என்று எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜூலுவா (விமானிகள் பயன்படுத்தும் உலகப் பொது நேரம்) என்ற கேள்வி வரும். "லேட்டஸ்ட் ஏடிஸ் பாருங்களேன்" என்றால் எழுந்து போய்ப் படிப்பார். பதில் அவருக்கு அவரே எடுத்ததாகிவிடும், உங்கள் குரலிலும் சலிப்பு ஏறாது. மதியம் எழுத்தை மாற்றும்போது பழையதை முழுக்கத் துடையுங்கள். பாதி அழித்த பலகை, பலகையே இல்லாததைவிட மோசம்.

அடுப்புக் குமிழில் "இன்ஆப்" என்று பெரிய எழுத்தில் ஒட்டலாம். வேலை செய்யாத கருவி என்று ஒட்டப்பட்ட சுவிட்சை விமானி தொட மாட்டார். கார் விஷயத்தில் "நீங்க ஓட்டக் கூடாது" என்பது சண்டையில் முடியும். "வண்டியில ஸ்னாக் இருக்கு, எஞ்சினியர் இன்னும் ரிலீஸ் பண்ணல" என்றால் ஏற்றுக்கொள்வார். ஸ்னாக் என்றால் கோளாறு, ரிலீஸ் என்றால் பறக்கலாம் என்று எஞ்சினியர் போடும் கையெழுத்து. கையெழுத்து இல்லாத விமானத்தை அவர் எடுத்ததே இல்லை. சாவியும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். ஒட்டிய சீட்டைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஒரு நாள் போய்விடும், அதற்கு முன்பே எரிவாயுவை மூல வால்விலேயே மூடும் பழக்கம் வந்துவிட வேண்டும்.

சாயங்காலம்

உயரத்திலிருந்து இறங்க 1000 அடிக்கு ஏறக்குறைய மூன்று கடல் மைல் வேண்டும். 36,000 அடியில் இருப்பவர் 108 மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். தூக்கமும் அப்படித்தான். படுக்கும் நேரம் ஒன்பது என்றால் இறக்கம் ஏழரைக்குத் தொடங்கட்டும். இருட்டுவதற்கு முன்பே திரைச்சீலையை மூடி விளக்கைப் போடுங்கள். கண்ணாடி ஜன்னலில் தெரியும் பிம்பம் அந்நியராகத் தோன்றலாம். கடைசி அரை மணி ஸ்டெரைல் காக்பிட். 10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தேவையற்ற பேச்சு கூடாது என்று அமெரிக்காவில் 1981இல் விதியாகவே வந்தது. தொலைக்காட்சி இல்லை, தொலைபேசி இல்லை, அறையில் ஒரே குரல்.

அந்தி நேரத்தில் "யூனிஃபார்ம் எங்கே, ரிப்போர்ட்டிங் டைம் ஆச்சு" என்று எழுந்தால், ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆயிற்று என்று சொல்லாதீர்கள். அவருக்கு அது இப்போதுதான் கேட்கும் செய்தி, ஒவ்வொரு முறையும் புதிதாக வலிக்கும். "இன்னிக்கு உங்களுக்கு ஹோம் ஸ்டாண்ட்பைங்க" என்று சொல்லலாம். விமானிகளின் பணிப் பட்டியலில் உண்மையிலேயே இருக்கும் பணி அது, கூப்பிடும் வரை வீட்டில் ஓய்வாக இருப்பதே கடமை. இரவில் மட்டும் வேறு மாதிரி. "நாளைக்கு ஃப்ளைட்" என்று சொல்லித் தூங்க வைத்தால் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பெட்டி தேடுவார். "இறங்கியாச்சு, எஞ்சின் ஷட் டவுன், ரெஸ்ட் பீரியட்" என்று முடித்துவிடுங்கள்.

சொல்லக் கூடாதவை

மேடே, ஃபயர், ஸ்டால், புல் அப், பிரேஸ், இவாக்குவேட். இவை விமானத்தில் ஆபத்தைக் குறிக்கும் சொற்கள். விளையாட்டுக்கும் வேண்டாம். ஒலிகளிலும் கவனம் தேவை. மைக்ரோவேவின் தொடர் பீப், பேட்டரி தீர்ந்த புகை அலாரம் இவை எச்சரிக்கை ஒலியாகவே பதியும், எந்தக் கருவி என்று தேடி வீடு முழுவதும் அலைவார். மாத்திரை நினைவூட்டியை ஒற்றை மணியாக மாற்றிவையுங்கள்.

"இது யார்னு சொல்லுங்க பார்க்கலாம்" என்ற கேள்வியும் அந்தப் பட்டியலில் சேர வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிமுலேட்டர் செக், தேறாவிட்டால் பறக்க முடியாது என்று வாழ்நாள் முழுக்க இருந்தவர். கேள்வி கேட்டாலே தேர்வு. டாக்டரைப் பார்க்கப் போகும்போது "மெடிக்கல்" என்று சொல்லாதீர்கள், உரிமம் போகும் பயம் அந்தச் சொல்லில் இருக்கிறது.

எல்லா வகை டிமென்ஷியாவிலும் இந்த முறை ஒரே மாதிரி பலிக்காது. சொற்பொருளே அழியும் வகையில் "ரொட்டேட்" என்ற ஒலி கேட்கும், பொருள் இருக்காது. லூயி பாடி நோயில் இல்லாத உருவங்கள் தெரியும், அங்கே "டிராஃபிக்" (அருகில் வேறு விமானம்) என்று திசை காட்டிப் பேசுவது பயத்தை ஏற்றும். கடிகார முள்ளை வைத்துத் திசை சொல்வது அல்சைமரில் சீக்கிரமே போய்விடலாம், தட்டில் "மூணு மணி" புரியவில்லை என்றால் கையைப் பிடித்து அங்கே வையுங்கள். நேற்று வரை பலித்த சொற்கள் ஒரே நாளில் பலிக்காமல் போனால் அது நோய் முற்றியது என்று முடிவு கட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிய மருந்து ஆகியவை திடீர்க் குழப்பத்தைத் தரும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

சொற்கள் குறையும்போது நீளத்தைக் குறையுங்கள். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" போய் வெறும் "ஐ ஹேவ்" ஆகும், பிறகு திறந்த உள்ளங்கை மட்டும். தரைப் பணியாளர்களின் சைகைகள் பேச்சுக்குப் பிறகும் இருக்கலாம். கட்டைவிரல் உயர்த்தினால் எல்லாம் சரி, தொடரலாம். ஒவ்வொரு புறப்பாட்டிலும் கண்ணாடிக்கு வெளியே அதைப் பார்த்து பதிலுக்குத் தன் விரலை உயர்த்தியவர் அவர். நேர் எதிரே, ஒன்றரை மீட்டருக்குள், வெளிச்சம் உங்கள் கைமேல் விழும்படி நின்று விரலை உயர்த்திப் பத்து வினாடி அப்படியே வைத்திருங்கள். அவர் விரல் எழுந்தால் போர்வையை விலக்கலாம்.